எங்கள் வீட்டில் எத்தனை பேர்?

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. என் தங்கை நஸ்ரின் பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம் படித்தபோது, புராஜெக்டுக்காக எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தாள். வெளிநாட்டு வேலையும் குடும்பங்களும் — இதுதான் தலைப்பு.

2. அவளுடைய பேராசிரியை அதைப் படித்துவிட்டு, “மறுபடி எடுத்துட்டு வா” என்று திருப்பிக் கொடுத்தார்.

3. மறுபடி எடுத்தாள். தெருவில் பாதி வீடு அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது.

4. எங்கள் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அந்தச் சமயம் அத்தா — எங்கள் அப்பா — லீவில் ஊருக்கு வந்திருந்தார்.

இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என் பட்டியல் பழக்கம் தெரியும். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. கோளாறு வந்தால் நடந்ததை மட்டும் இப்படி வரிசையாக எழுத வேண்டும். ஏன் என்பது பிறகு.

இனி, ஏன்.

எங்கள் ஊர் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருக்கிறது. சுற்றிலும் வயல், வாய்க்கால். ஆனால் எங்கள் தெருவில் வயலை நம்பி யாரும் இல்லை. ஆண்கள் எல்லாம் ‘சபர்’ — வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போவதற்கு எங்கள் பேச்சில் அதுதான் பெயர். அத்தா சவுதியில், தம்மாமில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இருந்தார். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது போனவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். இரண்டு மாதம் இருப்பார். கிளம்பும்போது அம்மாவிடம் ஒவ்வொரு முறையும் அதே வார்த்தை: “இன்னும் ஒரு தடவ.”

எத்தனையாவது ‘ஒரு தடவ’ என்று அம்மா கேட்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

நஸ்ரின் பிளஸ் டூவில் என்னைவிட அதிக மார்க். எல்லோரும் கம்ப்யூட்டர்தான் எடுப்பாள் என்றிருந்தோம். எக்கனாமிக்ஸ் என்றாள். அத்தா போனில் கேட்டார்:

“ஒங்க அக்கா கம்ப்யூட்டர் படிச்சா, வேலை தெரியும். இதப் படிச்சா என்னம்மா தெரியும்?”

“நீங்க ஏன் அங்க இருக்கீங்கன்னு தெரியும், அத்தா.”

அத்தா போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

நாட்டின் பொருளாதாரக் கதவுகளைத் திறந்துவிட்டதைப் பற்றி அவளுக்கு ஒரு முழு பேப்பரே இருந்தது. யார் யார் உள்ளே வந்தார்கள் என்று புத்தகம் விரிவாகச் சொல்கிறதாம். எங்கள் தெருவில் கதவு வெளியே போகத்தான் திறந்தது. அதற்கு முன்னாலும் அப்படித்தான். அதனால்தான் அந்தத் தலைப்பை எடுத்தாள்.

முதல் சுற்றில் சிக்கலே இல்லை. எதிர்வீட்டு பல்கீஸ் மாமியிடம், “வூட்டுல மொத்தம் எத்தன பேரு மாமி?” என்று கேட்டாள்.

“ஏழு பேரு.”

வீட்டில் இருந்தது மாமி, மருமகள், ஒரு கைக்குழந்தை. மீதி நாலு பேர் மலேசியா, துபாய், குவைத், சிங்கப்பூர். நஸ்ரின் ஏழு என்றே எழுதினாள். ஏன் எழுதமாட்டாள்? எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் எண்ணுவார்கள். அவளும் அந்தத் தெருதானே.

பேராசிரியை கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்: “இவ்வளவு ஆம்பளைங்க வீட்டுல இருந்தா, வெளிநாட்டுல யாரும்மா இருக்காங்க?”

பிறகு விதியைச் சொன்னார். இந்தக் கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் ரத்த உறவு இல்லை. கடந்த ஒரு வருடத்தில் ஆறு மாதமாவது அந்த வீட்டில் தங்கி, அந்த வீட்டு அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டவர்கள் மட்டும். மற்றவர்களுக்குத் தனிப் பக்கம்.

இரண்டாம் சுற்று. மறுபடி பல்கீஸ் மாமி வீடு.

“என் வூட்டுக்காரர் பேர அடிக்கிறியா? இந்த வூட்டக் கட்டுனதே அவருதான் புள்ள!”

“அவங்கள வேற பக்கத்துல எழுதுறேன் மாமி. இது இங்க இருக்கறவங்களுக்கு...”

“அப்ப குடும்பத் தலைவர்னு யாரப் போடுவ?”

“ஒங்களத்தான்.”

“நான் தலைவியா? எலக்‌ஷன்ல நிக்க வச்சிருவ போலருக்கே!”

மாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். அது பல நாள் எங்களுக்குத் திறக்கவில்லை.

எங்கள் வீட்டின் முறை வந்தபோது நானும் சென்னையிலிருந்து வந்திருந்தேன். அத்தா திரும்பிப் போக இரண்டு வாரம் இருந்தது. பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. அம்மா இடிச்ச மசாலாவைப் பொட்டலம் போட ஆரம்பித்துவிட்டார். அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் — இந்த முறையும் போவாரா?

“ஊரையே கேட்டுட்ட, எங்கள மட்டும் ஏன் விட்டுட்ட?” அத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எழுது. மொதப் பேரு என்னுது.”

நஸ்ரின் பேனாவைத் திறக்கவில்லை. விதியைச் சொன்னாள். அத்தா கவனமாகக் கேட்டார்.

“ஆறு மாசம்... தொடர்ந்தாப்ல இருக்கணுமா? விட்டு விட்டு இருந்தா செல்லாதா?”

“விட்டு விட்டும் இருக்கலாம் அத்தா. மொத்தத்துல ஆறு வரணும்.”

அத்தா விரலை மடக்கிப் பார்த்தார். போன லீவு, அதற்கு முந்தின லீவு, என் கல்யாணப் பேச்சு வந்து நின்றுபோனபோது வந்த லீவு. பிறகு விரல்களை விட்டுவிட்டார்.

“எந்த வருஷமும் தேறாதும்மா.”

எனக்குப் பொறுக்கவில்லை. “எழுதிடுடி. யாரு வந்து பாக்கப் போறா?”

“தெருவுல எல்லார் வூட்டுலயும் ஆம்பளைங்க பேர அடிச்சிட்டு வந்திருக்கேன்க்கா. நம்ம அத்தா பேர மட்டும் எப்படி வைப்பேன்?” தாளைப் புரட்டிக்கொண்டே சொன்னாள், “ஒம் பேரையும் எழுதல.”

“என்னையுமா? நான்தான் மாசா மாசம் வர்றேனே!”

“அதான்க்கா. வர்ற.”

கோளாறு கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதுவரை அந்தக் கணக்கில் என்னை நான் தேடிப் பார்க்கவே இல்லை. பஸ்ஸில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம், அதனால் நான் சபர் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டை விட்டுப் போன யாருக்குமே தான் போய்விட்டதாகத் தோன்றுவதில்லை... இருக்கிறவர்களுக்குத்தான் தெரிகிறது.

“அப்ப எத்தன பேரு?” அத்தா கேட்டார்.

“ரெண்டு. அம்மா, நான்.”

“அடுத்த வருஷம்?”

நஸ்ரின் சென்னையில் எம்.ஏ.வுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அது அத்தாவுக்கும் தெரியும்.

“ஒண்ணு, அத்தா.”

அடுப்படியில் அம்மிச் சத்தம் நின்றது. அம்மா எட்டிப் பார்க்கவில்லை. அத்தாதான் அந்தப் பக்கம் பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, “சரி, உள்ளத எழுது” என்றார்.

டிக்கெட் தேதிக்கு முந்தின நாள் மாலை, பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். “நான் போகல” என்றார். அம்மா பதிலுக்கு அழவில்லை, சிரிக்கவில்லை. “அப்ப நாளைக்கு மீன் வாங்கணும்” என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் இனிப்பாக நடந்தது என்று சொல்லமாட்டேன். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாத ஆள் திடீரென்று முழு நேரமும் வீட்டில் இருந்தால் என்ன ஆகும்? சண்டை ஆகும். “அங்கயே இருந்திருக்கலாம்” என்று இரண்டு பேருமே ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறார்கள். இப்போது அத்தா மெயின் ரோட்டில் தெரிந்தவர் கடையில் நிற்கிறார். அங்கே வாங்கியதில் பாதிகூட வராது. கோபம் வந்தால், நஸ்ரின் கணக்கில் எழுதியபடி, அம்மாவை “தலைவி” என்று கூப்பிடுகிறார்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எனக்குப் போன் செய்தார்.

“ஆறு மாசம் ஆயிருச்சும்மா. நஸ்ரின வந்து எம் பேர எழுதிட்டுப் போகச் சொல்லு.”

விமானத்தை விட்ட நாளிலிருந்து எண்ணியிருக்கிறார். அதற்கு முன்னால் லீவில் இருந்ததை அவரே சேர்க்கவில்லை.

எம்.ஏ. சேர்ந்து சென்னையில் என்னோடு தங்கியிருக்கும் நஸ்ரின் பக்கத்தில்தான் இருந்தாள். போனை வாங்கி, அந்த புராஜெக்ட் எப்போதோ பைண்ட் பண்ணி டிபார்ட்மென்ட் அலமாரிக்குப் போய்விட்டது, இனி அதில் கை வைக்க முடியாது என்று மெதுவாகச் சொன்னாள்.

“அதுனால என்ன? ஒனக்குத் தெரிஞ்சா போதும்” என்றார் அத்தா.

இன்றைய நிலவரம்: எங்கள் வீட்டில் இரண்டு பேர். அம்மா, அத்தா. நானும் நஸ்ரினும் பெருநாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.