அத்தான் பறித்த பதினோரு பேரிக்காய்

எங்கள் அத்தானைப் பழத்தில் ஏமாற்ற யாராலும் முடியாது. முப்பது வருஷமாகப் பழக்கடை. பழம் தின்று கொட்டை போட்டவர் என்பது அவர் விஷயத்தில் வெறும் பேச்சில்லை. காயாக வந்த சரக்கை வைக்கோலில் அடுக்கி, என்றைக்குப் பழுக்கும் என்று கிழமையோடு சொல்வார். வாடிக்கையாளர் விலை கேட்க வாயைத் திறந்தால் ஒரு துண்டை நறுக்கி நீட்டுவார். "முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் பேசலாம்." அந்தக் கர்வம் எனக்குப் பிடிக்காது. மச்சினி என்பதால் முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன்.

அக்கா நர்ஸ். ஐந்து வருஷம் முன்பு வீட்டுக்குப் பின்னால் ஓர் ஆசியப் பேரிக் கன்றை நட்டாள். ஆப்பிள் மாதிரி உருண்டையாக, கடித்தால் மொறுமொறுவென்று இருக்குமே, அந்த வகை.

"நம்ம கடைல இல்லாத பழமா?" என்று அத்தான் சிரித்தார். கடையிலிருந்து வீட்டுக்கு வருவதெல்லாம் விற்காமல் நசுங்கியவைதான். தன் கையால் பறித்து ஒரு பழம் தின்ன வேண்டும், அதுதான் அவள் ஆசை.

இந்த வருஷம் முதல் காய்ப்பு. கொத்துக்கு ஐந்தாறு பிஞ்சு. ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளினால்தான் காய் பெருக்கும். கிள்ளும்போது அழுதேவிட்டாள். மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் காகிதப் பை கட்டினாள்.

ஒரு நாள் அக்கா வேலை முடிந்து வந்து பார்த்தால் மரத்தில் ஒன்றுமில்லை. அத்தான் பல்லெல்லாம் தெரிய நின்றார்.

"பதினோரு காய்! வைக்கோல்ல போட்டாச்சு. ஒரே வாரம், தேனா இருக்கும் பாரு."

மற்றப் பேரி பறித்த பிறகு பழுக்கும். இது மரத்திலேயே பழுக்க வேண்டும். கடைக்கு இது பழுத்தே வந்ததால் அவருக்கு அது தெரியாது. ஒரு வாரம் இரண்டாயிற்று. தோல் சுருங்கியது, ருசி வரவில்லை. அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. நான்தான் கேட்டேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தான்?"

"பழத்தைப் பத்தி எனக்கே பாடமா?" என்று எழுந்து போய்விட்டார்.

ஆனால் அக்கா கட்டிய பை பன்னிரண்டு. சுவரோரம் இலைக்குள் ஒன்று தப்பியிருந்தது. என்னிடம் மட்டும் காட்டினாள். தினமும் பையை விலக்கிப் பார்த்தாள். பச்சை போய்ப் பொன்னிறம் வந்த அன்று, பழத்தை உள்ளங்கையில் ஏந்தி மெல்ல மேலே தூக்கினாள். காம்போடு கழன்று வந்தது.

சாப்பாட்டு மேஜையில் அதை இரண்டாக நறுக்கி, ஒரு பாதியை அத்தானிடம் கொடுத்தாள். அவர் கடித்ததும் சாறு மணிக்கட்டு வரை வழிந்தது.

"யார்கிட்ட வாங்கின? நாளைக்கே பத்துப் பெட்டி சொல்லணும்."

"நம்ம மரம்."

அத்தான் மெல்லுவதை நிறுத்தினார். கையில் மிச்சமிருந்ததை அக்காவின் தட்டில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் வந்து..." என்று ஆரம்பித்தார்.

அக்கா அந்தத் துண்டை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் பேசலாம்."