கம்பித்தட்டும் பொச்சுமட்டையும்

எங்கள் வீட்டுப் பார்பிகியூ அடுப்பின் கம்பித்தட்டை நான் பொச்சுமட்டையால்தான் தேய்க்கிறேன். தேங்காய் உரித்த மட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நுனியைத் தட்டிக் குஞ்சமாக்கினால் போதும். நெருப்பு அணைந்து, தட்டில் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும்போதே பாதி வெங்காயத்தை முள்ளுக்கரண்டியில் குத்தி ஒவ்வொரு கம்பியாக உரசிவிடுவேன். ஒட்டியிருக்கும் கரி இளகிவிடும். பிறகு நன்றாக ஆறவிட்டு, சவர்க்காரத் தண்ணீரில் போட்டு மட்டையால் தேய்ப்பேன். கடைசியில் ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்து, அந்தத் துணியை வெயிலில் விரித்துப் பார்ப்பேன், ஏதாவது மினுங்குகிறதா என்று.

எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வீடுகளில் எனக்குப் பொச்சுமட்டை அக்கா என்று பெயர். யார் வீட்டு முற்றத்தில் மீன் சுடும் புகை எழும்பினாலும் போய் நிற்பேன். கம்பி பிரஷைக் கண்டால் கேட்காமலே எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவேன். சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். என் மனுசனைக் கொண்டுபோனது அப்படியொரு பிரஷ்தான்.

அந்த அடுப்பு, கனடாவிலிருந்து லீவில் வந்த என் தம்பி கொழும்பில் வாங்கிக்கொண்டு வந்தது. திரும்பிப் போகும்போது எங்களிடமே விட்டுவிட்டுப் போனான், கம்பி பிரஷோடு. என் கணவர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். கடலைத் தவிர வேறெதிலும் பெரிய ஆசை இல்லாத அந்த மனிதருக்கு அடுப்பு பிடித்துப்போயிற்று. ஞாயிறென்றால் பாரைமீன் சுட வேண்டும். சுடுவதற்கு முன், வள்ளத்தின் அடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டுவதுபோலத் தட்டைப் பலங்கொண்ட மட்டும் தேய்ப்பார். பிரஷ் பாதி சொட்டையாகிவிட்டது. உதிர்ந்த கம்பி எங்கே போகிறது என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிறு, முற்றத்தில் நாலு பேரோடு இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று தொண்டையைப் பிடித்தார்.

"என்ன மச்சான், மீன்காரன்ர தொண்டையிலயே முள்ளு சிக்கிட்டுதோ?" என்று அவரோடு தொழிலுக்குப் போகும் கூட்டாளி கேட்க, முற்றமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவரும் சிரிக்கப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முள் சிக்கினால் எங்கள் கரையில் வைத்தியம் ஒன்றுதான். வெறும் சோற்றைக் குழைத்து உருட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். உருண்டை முள்ளையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிடும். நான் உருட்டிக் கொடுத்தேன், அவர் விழுங்கினார். அதற்குமேல் ஒரு வாழைப்பழம். "போயிட்டுது," என்றார்.

போகவில்லை. இன்னும் ஆழத்தில் இறங்கிக் குத்தியிருக்கிறது. அடுத்த நாட்களில் கஞ்சி மட்டும் கேட்டார். அதையும் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்துதான் குடித்தார், விழுங்கும்போது முகம் கோணுவதை நான் பார்த்துவிடக் கூடாதென்று.

"இஞ்சாருங்கோ, ஆஸ்பத்திரிக்கு ஒருக்காப் போட்டு வருவமே?"

"உனக்கென்ன விசரே? முள்ளுக் குத்திப்போட்டுதெண்டு அங்க போய் நிண்டால் கரையெல்லாம் கதை வந்திடும். சின்னனில இருந்து மீன் திண்டு வளர்ந்தனான். பிறகு எந்த முகத்தோட வள்ளத்தில ஏறுறது?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்போதும் வருகிறது. கடல் குமுறும்போதும் வள்ளத்தை இறக்குகிற ஆள், நாலு பேர் சிரிப்பார்களே என்று பயந்து வீட்டுக்குள் கிடந்தார்.

காய்ச்சலும் நெஞ்சுநோவும் வந்த பிறகு மறுத்துப் பேச அவருக்குத் தெம்பில்லை. இங்கே ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனேயே கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அம்புலன்ஸ் கப்பல்துறை ஊரைத் தாண்டும்போது என் கையைப் பிடித்தார். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. நோவைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

"முள்ளெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"ஓம், சொல்ல மாட்டன்."

கந்தளாய்க் குளத்தருகே போகும்போது கண்ணை மூடியிருந்தார். நித்திரை என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவேயில்லை.

ஒப்பரேஷன் முடிந்து வந்த டொக்டர் ஒரு சின்னப் போத்தலைக் காட்டினார். தலைமயிர் போல மெல்லிசாக, நகத்தளவு நீளத்தில் ஒன்று அதன் அடியில் கிடந்தது.

"இது மீன் முள்ளில்லை அம்மா, கம்பி. வீட்டில கம்பி பிரஷ் ஏதும் பாவிக்கிறீங்களோ?"

அது உணவுக்குழாயைத் துளைத்து நெஞ்சுக்குள் சீழ் கட்டிவிட்டதென்றும், வரப் பிந்திவிட்டதென்றும் அவர் பக்குவமாகத்தான் சொன்னார். என் காதில் விழுந்தது கம்பி என்ற சொல் மட்டுமே. முதலில் எனக்கு அழுகை வரவில்லை. சொன்னால் விசர் என்பீர்கள், நிம்மதிதான் வந்தது. முள் இல்லை. இந்த மனுசனுக்கு வெட்கப்பட ஒன்றுமேயில்லை. எழும்பியவுடன் முதல் வேலையாக இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அவர் எழும்பவில்லை. குழாய்களுக்கு நடுவில் கிடந்தவரின் காதோடு வாயை வைத்துச் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, அது முள்ளில்லையாம். கம்பியாம். பிரஷ்ஷின்ர கம்பி. கேக்குதே?"

கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். விரல் அசையவில்லை. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்கு வந்த கரை ஆட்கள் வாசலில் நின்று தணிந்த குரலில் கதைத்தார்கள். "முள்ளாமே," என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. அவருடைய தலைமாட்டிலிருந்து எழும்பிப் போய், வாசலில் நின்று கத்தினேன். "முள்ளில்லை! கம்பி! மீன் முள்ளு அவரை ஒண்டும் செய்யேல்லை!" அன்று முற்றத்தில் பகிடி விட்ட கூட்டாளி அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அவர் அழுததைப் பார்த்த பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது.

தம்பி கனடாவிலிருந்து போன் எடுத்து அழுதுகொண்டேயிருந்தான். அவனில் எனக்குக் கோபமில்லை. அடுப்பைத் தூக்கி எறியச் சொன்னான். நான் எறியவில்லை. அவர் ஆசைப்பட்ட பொருளென்று வீட்டில் வேறென்ன இருக்கிறது? இடைக்கிடை கூட்டாளி ஒரு பாரையைக் கொண்டுவந்து தருவார், சுடுவோம். பிறகு நான் மட்டையை எடுத்துக்கொண்டு தட்டோடு கிணற்றடிக்குப் போவேன்.

இப்போது கரையில் எல்லோருக்கும் தெரியும், அது முள் இல்லை என்று. அவருக்குத்தான் தெரியாது.