பெரிய குக்குறுவான் குடைந்த கிளை

செலியமேட்டின் கரும்பு வயல்களுக்கு நடுவே தீவைப்போல நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் அஞ்சலாட்சியின் மாட்டுக்கொட்டகை இருக்கிறது. இருபது ஆண்டுகளாக அங்கே பால் கறக்கும் அவளுக்கு அம்மரத்துக் குக்குறுவான் பறவைகளில் இரண்டு வகையும் அத்துப்படி. செம்மார்புள்ள சிறியது மெல்லிய கிளையில் பொந்து குடையும். அதன் இனத்தைச் சேர்ந்த பெரிய பச்சைக் குக்குறுவானுக்குத் தடித்த கிளை வேண்டும். ஆனால் இரண்டும் உளுத்த மரத்தையே தேடும்.

சித்திரையில் ஒரு காலை, பால் சொம்பில் மரத்தூள் உதிர்ந்தது. அஞ்சலாட்சி அண்ணாந்து பார்த்தாள். கொட்டகைக்கு நேர்மேலே, ஆள் இடுப்பளவு பருத்த கிளையைப் பெரியது குடைந்துகொண்டிருந்தது.

“மாட்ட வேற எடத்துல கட்டணும்யா. கெள உளுத்துப் போச்சு,” என்றாள் கணவன் வைத்திலிங்கத்திடம்.

“இன்னா, குருவி வந்து சொல்லுச்சா? எல பச்சையாத்தானே கீது!”

“சின்னது கொடஞ்சா சுள்ளி வுழும். இது பெருசுய்யா.”

அவன் சிரித்தான். அவள் மாடுகளை அவிழ்த்து வாய்க்கால் மேட்டில் கட்டினாள்.

பிற்பகலில் மேற்கு வானம் கறுத்தது. புல்லுக்கட்டோடு வந்தவள், காலியான கொட்டகையில் கட்டிலைப் போட்டு அவன் உறங்குவதைக் கண்டாள். காற்று எழும்பியது. பெரிய குக்குறுவான் பொந்தைவிட்டு வெளியே பறந்தது. புல்லுக்கட்டை வீசிவிட்டு, அவன் பெயரைக் கூவிக்கொண்டே அவள் ஓடினாள்.