காளியப்பன் வீட்டு ஆறரை மணி

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிதில், மலாக்கா காஜா பேராங் பகுதியில் ஒரு ரேடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். செட்டை விற்பது முதலாளி. அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், ஏரியல் இழுத்து, பாடவைத்துவிட்டு வருவது நான். முதலாளி, மலாக்காவிலேயே பல தலைமுறையாக வாழ்ந்து மலாய் பேசும் செட்டி சமூகத்துக்காரர். மாரியம்மனை விழுந்து விழுந்து கும்பிடுவார். தமிழ் மட்டும் வராது. மலாயில்தான் திட்டுவார். திட்டு எந்த மொழியில் வந்தாலும் எனக்கு உடனே புரிந்துவிடும்.

நான் தனியாகப் போய்ப் பொருத்திய முதல் செட், புக்கிட் காதில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் காளியப்பனுடையது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இளவட்டமாகக் கப்பலேறியவர், திரும்ப ஊர் போனதே இல்லை. அவருடைய தம்பி ஊர் வானொலியில் விவசாயிகள் நிகழ்ச்சியில் பேசப் போவதாகக் கப்பலில் வந்த ஒருவர் சொல்லியிருந்தார். கிழமையும் சொன்னார், மாலை ஆறரை என்றும் சொன்னார். தம்பி குரலை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்றுதான் காளியப்பன் ரேடியோவே வாங்கினார்.

ஆறு மணிக்கே தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனம் முழுக்க அவர் வாசலில் கூடிவிட்டது. தென்னையில் ஏரியலைக் கட்டி, பேட்டரியை மாட்டி, ஷார்ட் வேவில் நிலையத்தைப் பிடித்தேன். கணீரென்று நாதஸ்வரம் வந்தது. ஆறரை ஆனது, அப்போதும் நாதஸ்வரம். அதற்கு மேல் இருபது நிமிடமும் அதேதான்.

"என்னா தம்பி, செட்டு ரோசாக்கா? கெட்டுப்போனதக் கொண்டாந்துட்டியா?" என்றார் காளியப்பன். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அவன் பேசி முடிச்சிருப்பான். நமக்குக் குடுத்து வெக்கல."

நான் ஏரியல் கம்பியை இழுத்துப் பார்த்தேன். அப்போது அறிவிப்பாளர், "நேரம் மாலை நான்கு மணி ஐம்பது நிமிடம்" என்றார்.

"ரேடியோ கடிகாரமும் ரோசாக்!" என்று யாரோ கத்த, வாசலே சிரித்தது.

எனக்குப் பொறி தட்டியது. நம் கடிகாரம் ஊர்க் கடிகாரத்துக்கு இரண்டு மணி நேரம் முந்தி ஓடுகிறது!

"அண்ணே, உங்க தம்பி இன்னும் பேசவே இல்ல! நம்ம எட்டரைக்குத்தான் பேசுவாரு!"

பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று பயந்து செட்டை அணைத்தேன். பால்மரம் வெட்டுகிறவர்கள் எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். அன்று ஒருவரும் எழுந்து போகவில்லை. காளியப்பன் மனைவி மருதாயி எல்லாருக்கும் வரக்கோப்பி கொடுத்தார்.

"நாம குளிச்சுச் சாப்ட்டாச்சு. அங்க நடவுக்குப் போனவங்க இன்னும் கரையேறியிருக்க மாட்டாங்க," என்றார் மருதாயி.

"காலையிலயும் அப்படித்தான் புள்ள. நான் பாதி மரம் வெட்டுறப்பத்தான் அவன் போர்வைய ஒதறுவான். அங்க மழை வந்தாத்தான் வேல. இங்க மழை வந்தா வேலையே இல்ல," என்றார் காளியப்பன்.

எட்டரைக்குச் செட்டைத் திருகினேன். தம்பி பேசினார்! நாற்று, நடவு, எரு என்று விளக்கினார். கடைசியில் அறிவிப்பாளர், உடன் பிறந்தவர்களும் விவசாயமா என்று கேட்டார்.

"ஒரே அண்ணன். மலாயாவுல பால்மரம் வெட்டுறாரு. அங்க நமக்கு முந்தியே விடிஞ்சிருமாம். அண்ணன் வேலைக்குப் போயிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டேதான் தெனமும் எந்திரிப்பேன்."

காளியப்பன் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "போய்ட்டேண்டா தம்பி, நீ எந்திரி!" என்று கத்தினார். சிரித்தார், அழுதார்.

மறுநாள் பெரட்டுக்கு லயமே தாமதம். பெயர் பதியும் தோட்டத்துக் கிராணி எகிறினாராம். "இன்னிக்கு ஒருநாள் எந்தம்பி நேரத்துக்கு வந்தேன் ஐயா," என்று காளியப்பன் சொன்னதாகக் கேள்வி.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வீட்டுக்குள் நுழைந்ததும் எந்த ஊரில் யார் குரலைக் கேட்க வேண்டும் என்று விசாரியுங்கள். ஏரியலை அப்புறம் கட்டலாம்.