நெலிதா பதில் சொல்லாத ஞாயிறு

நெலிதா எச்சார்ட்டும் நானும் மொந்தேவிதேயோவில் வங்கிகளைக் கண்காணிக்கும் அலுவலகம் ஒன்றில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். அவள் கணிதம் படித்தவள். ஒவ்வொரு வங்கியும் ஒரு புள்ளி, ஒன்று இன்னொன்றில் போட்டிருக்கும் பணம் ஒரு கோடு. ஆற்றுக்கு அக்கரையில், புவெனஸ் அய்ரெஸில் ஒரு புள்ளி சாய்ந்தால் இந்தப் பக்கம் எவையெல்லாம் சாயும் என்று கணினியில் போட்டுப் பார்ப்பாள். ஜனங்களின் பயத்துக்கும் ஒரு கோடு வேண்டும் என்று அவள் சேர்த்தபோது மேலதிகாரி சிரித்தார்.

அந்தக் கோடையில் அக்கரை முழுக்கப் பீதி. அவள் குடியிருந்த தெருவின் சின்ன வங்கி, அவள் போட்ட கணக்கில் சில தடவை நின்றது, சில தடவை விழுந்தது.

ஒரு ஞாயிறன்று அவள் தம்பி வால்தெர் வீட்டு முற்றத்தில் கறி சுட்டுக்கொண்டிருந்தான். கறிக்கடைக்காரன்.

"அக்கா, நம்ம தெரு பேங்க்ல பணம் கிடக்கட்டுமா, எடுத்துரட்டுமா?"

அலுவலக ரகசியத்தை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்தவள் அவள். மாத்தே தேநீர்க் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். பிறகு, "ஆபீஸ் விஷயத்த என்கிட்ட கேக்காதடா," என்றாள்.

"சரி, புரிஞ்சுபோச்சு," என்று அவன் கறியைத் திருப்பிப் போட்டான்.

மறுநாளே பணத்தை எடுத்துவிட்டான். அக்கா வாயே திறக்கவில்லை என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். அந்த வாரமே வங்கி வாசல் வரிசை தெருமுனை தாண்டி வளைந்தது. வெள்ளிக்கிழமை இறங்கிய ஷட்டர் பிறகு ஏறவில்லை. சாய்ந்துவிடும் என்று அவள் பயந்துகொண்டிருந்த புவெனஸ் அய்ரெஸ் வங்கி அன்றைக்கும் திறந்துதான் இருந்தது.

பணம் தப்பியவர்கள் அவளுக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் தொடவில்லை.

அந்த வங்கியின் காசாளர் தார்தோ, வேலை போன பிறகும் காலையில் டை கட்டிக்கொண்டு மூடிய ஷட்டர் முன்னால் வந்து நிற்பார். நெலிதா எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறினாள். அங்கேயும் அவர் கையசைத்து வணக்கம் சொன்னார். ஒரு மழை நாளில் தெருவைக் கடந்து போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"ஒரு பொம்பள பேசாம இருந்ததுக்கா பேங்க் விழும்? இப்ப இல்லன்னா அடுத்த மாசம் விழுந்திருக்கும்மா," என்றார் அவர்.

"கணக்குல போட்டுப் பாத்துட்டேன். கிடக்கட்டும்டான்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா பேங்க் நிக்குது. எத்தன தடவ போட்டாலும் நிக்குது."

தார்தோ டையைத் தளர்த்திக்கொண்டு நடந்துவிட்டார். மறுநாள் வரவில்லை. ஸ்பெயினுக்கு, மகனிடம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

பயத்துக்கு நீ போட்ட எண்ணே ஊகம்தானே, அது சரியென்று யார் சொன்னது என்று நான் அவளிடம் கேட்டேன்.

"தப்புன்னும் யாரும் சொல்லலையே," என்றாள்.

வேலையை விட்டுவிட்டு இப்போது பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். வங்கி இருந்த இடத்தில் மருந்துக்கடை வந்துவிட்டது. வாசலில் நாலு பேர் வரிசையாக நின்றால் போதும், மருந்து வாங்காமலே திரும்பிவிடுவாள்.