எனக்கு முன்னால் இறங்கியவர்

புத்தளம் பக்கம் குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். தொண்ணூறில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு வந்து, முகாமில் ஒரு வாளித் தண்ணீருக்குச் சண்டை பிடித்தவள் நான். யுத்தம் முடிந்தபின் லண்டனிலிருந்து வந்த என் தம்பி அஸ்ஹான் காணி வாங்கி, வீடு கட்டி, பின்வளவில் நெஞ்சளவு ஆழத்தில் இதையும் கட்டினான். இரண்டு விடுமுறைக்கு அவனுடைய பிள்ளைகள் வந்து குதித்தார்கள். பிறகு வரவில்லை. தண்ணீர் பச்சையாகித் தவளைகள் குடியேறின. மண்ணைக் கொட்டி மூடிவிட்டு மிளகாய்க் கன்று நடுவோம் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன்.

மூடாமல் விட்டதற்குக் காரணம் என் முழங்கால். பள்ளிக்கூடத்திலிருந்து பென்சன் எடுத்த வருடமே பாலாவிச் சந்தியில் நான் வந்த முச்சக்கர வண்டி புரண்டது. எலும்பு பொருந்தியது, முழங்கால் மட்டும் மடியவில்லை. தடியை ஊன்றி நடக்கலாம், சமைக்கலாம். சுஜூது செய்ய முடியாது. ஏழு வயதிலிருந்து நெற்றியை நிலத்தில் வைத்துத் தொழுதவள், கதிரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்து தொழ வேண்டியதாயிற்று. மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. நானே எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள். எனக்கென்று வந்தபோது மனது ஆறவில்லை. தொழுகை முடிந்து கதிரையைப் பார்த்தாலே அழுகை வரும்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிறவர், தினமும் நெஞ்சளவு தண்ணீரில் அரை மணித்தியாலம் நடக்கச் சொன்னார். ஆறு மாதத்துக்குள் மடங்கினால் மடங்கியது, அதற்குப் பிறகு மூட்டு இறுகிவிடும் என்றார். கடலுக்குப் போகலாமே என்றும் சொன்னார். ஆலங்குடாக் கடலில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் பறக்கிறார்கள். அவர்கள் நடுவில், அறுபது வயதில், நனைந்த உடுப்போடு நான் நொண்டுவதா?

"பின்னுக்கு ஒண்டு சும்மாதானே உம்மா கிடக்குது" என்றாள் என் மகள் ஃபஹ்மியா.

பராமரிக்க என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் சொன்ன தொகை, என் பென்சனை விழுங்கி ஏப்பமும் விட்டிருக்கும். அப்போதுதான் குறைந்த கூலிக்கு அந்த வேலையைச் செய்ய எத்தாளையிலிருந்து ஹிஸ்புல்லா வந்தார். ஐம்பது வயது, மெலிந்த ஆள், பேச்சு குறைவு. இறால் குஞ்சு பொரிக்கிற பண்ணையில் பதினேழு வருடம் தொட்டித் தண்ணீர் பார்த்தவர். ஏன் விட்டார் என்று கேட்டேன். பதிலுக்குத் தடாகத்தின் ஆழத்தைக் கேட்டார், நானும் தோண்டவில்லை.

அவருடைய சிக்கனத்தைப் பார்க்க வேண்டும். ஆலங்குடாவில் கிழிந்து எறிந்த பட்டத் துணிகளைப் பொறுக்கிவந்து, வலை நூலால் தைத்து, தடாகத்துக்கு ஒரு மூடி செய்தார். சிவப்பும் நீலமுமாகப் பின்வளவு கலியாண வீடு போலானது. "திறந்து கிடந்தா பாதித் தண்ணிய வெயில் குடிச்சிரும் டீச்சர்" என்றார். குளோரின் பவுடரை மஃரிபுக்குப் பிறகுதான் போடுவார். பகலில் போட்டால் அதையும் வெயில் தின்றுவிடுமாம். மோட்டரை விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் ஓடவிடுவார். வடிகட்டியின் மணலை மாற்றாமல் கழுவிக் கழுவியே போட்டார். சுவரைத் தும்புத்தடியால் தேய்த்தார்.

அத்தனை செய்தும் நாலாம் நாள் தண்ணீர் பச்சையாகிவிடும். மறுபடி தேய்ப்பார், மறுபடி பவுடர் போடுவார், மறுபடி பச்சை. ஒரு கிழமையில் மூன்று நாள் இறங்கினால் பெரிய காரியம். ஆறு மாதத்தில் இரண்டு மாதம் இப்படியே போனது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆலங்குடாவில் ஒரு ஹோட்டலின் தடாகத்தைப் பார்க்கிற நிக்கொலஸை அழைப்பித்தேன்.

நிக்கொலஸ் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து, மருந்துத் துளி விட்டுப் பார்த்தார். குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும். வெறும் தண்ணீராகவே நின்றது.

"பவுடர் போடுறீங்கதானே அண்ண, எங்க அது?"

"விடிய வந்து நான் அத முறிச்சிருவேன்" என்றார் ஹிஸ்புல்லா சாதாரணமாக. சைக்கிளில் தொங்கிய பையிலிருந்து கற்கண்டு போன்ற வெள்ளை உப்பை எடுத்துக் காட்டினார். பண்ணையில் அப்படித்தான் வழக்கமாம். பவுடரைப் போட்டுக் கிருமியைக் கொல்ல வேண்டும், பிறகு இந்த உப்பைப் போட்டுப் பவுடரையும் கொல்ல வேண்டும். துளி விட்டால் மஞ்சள் துளியும் தெரியக்கூடாது. அதற்குப் பிறகுதான் குஞ்சுகளைத் தொட்டியில் விடுவார்கள்.

நிக்கொலஸ் சிரித்த சிரிப்பில் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "அண்ண, அது இறாலுக்கு. மனுசர் இறங்குற தண்ணியில இளமஞ்சள் எப்பவும் நிக்கோணும். அது இல்லாததாலதான் பாசி பிடிக்குது."

ஹிஸ்புல்லா சிரிக்கவில்லை. "டீச்சர் இறங்குற தண்ணியிலயா?" என்று இரண்டு தடவை கேட்டார். முகம் வெளிறியிருந்தது. அளவு இவ்வளவுதான், ஒன்றும் செய்யாது என்று நிக்கொலஸ் அளந்து காட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தண்ணீர் பளிங்காக நின்றது. போடுகிற பவுடர் பாதியாகக் குறைந்தது, வெள்ளை உப்புக்கு வேலையே இல்லை. நான் தினமும் எட்டு மணிக்கு ஃபஹ்மியாவின் கையைப் பிடித்து இறங்கி நடந்தேன். முழங்கால் மெல்லமெல்ல இளகியது.

ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு நாளும் தடாகப் படியிலிருந்து வாசற்கதவு வரைக்கும் சீமெந்தில் ஈரக் கால்தடம், ஆம்பிளைக் கால். ஹிஸ்புல்லா விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வந்து, நான் வெளியே வருமுன் போய்விடுகிறவர். ஒரு கிழமை பொறுத்தேன். அதற்குமேல் பொறுக்கிற ஆள் நானில்லை. ஒருநாள் நேரத்தோடு வாசலில் போய் நின்று, நனைந்த சாரத்தோடு சைக்கிளை எடுத்தவரைப் பிடித்தேன்.

"இது பள்ளிவாசல் ஹவுதுத் தொட்டி இல்ல தம்பி, வந்தவன் போனவனெல்லாம் கால் நனைக்க. பொம்பிள இறங்குற தண்ணியில குளிக்கிறீங்களே, உங்களுக்கு வெட்கமில்லையா?"

அவர் சைக்கிளைச் சுவரில் சாத்தினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"குளிக்கல்ல டீச்சர். நிண்டு பாக்கிறன்."

"என்னத்தப் பாக்கிற?"

"பண்ணையில ஒரு பெருநாளைக்கு முந்தின நாள். வீட்ட போற அவசரத்தில துளி விட்டுப் பாக்காம குஞ்சுகள விட்டுட்டன். ஒரு மணித்தியாலத்தில எல்லாம் வெள்ளையாகி அடியில கிடந்திச்சு. லெச்சக்கணக்கில. முதலாளி ஒரு வார்த்த சொல்லல்ல. என்னாலதான் அங்க நிக்க ஏலாமப் போச்சு." சாரத்தின் நுனியைப் பிழிந்தார். "இப்ப துளி விட்டா மஞ்சளாத் தெரியுது. நிக்கொலஸ் சரியெண்டுதான் சொன்ன. எண்டாலும் என்ட மனம் கேக்குதில்ல. அதால நான் முதல்ல இறங்கி, கால் மணித்தியாலம் நிண்டு பாத்திட்டுத்தான் போறன். எனக்கு ஒண்டும் செய்யாட்டி உங்களுக்கும் செய்யாதுதானே."

முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் பேசியே பிழைத்தவள், "மன்னிச்சுக்கொள்ளுங்க தம்பி" என்று மட்டும் சொன்னேன். உள்ளே போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். வாசற்படியில் உட்கார்ந்து குடித்துவிட்டு, எப்போதும் போலப் போனார்.

ஐந்தாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை நடுப்பகல் லுஹர் தொழுகை. ஃபஹ்மியா வழக்கம்போல் கதிரையைக் கொண்டுவந்து வைத்தாள். நான் அதைத் தள்ளிவைத்தேன். முழங்கால் சுள்ளென்று வலித்தது, ஆனால் மடிந்தது. நெற்றி பாயைத் தொட்டது. முகத்துக்குப் பக்கத்தில் ஊன்றியிருந்த என் கைகளில், எவ்வளவு கழுவியும் போகாத மெல்லிய குளோரின் வாசனை. அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். எழும்ப மனமில்லாமல் அப்படியே கிடந்து, ஹிஸ்புல்லாவுக்காகத் துஆக் கேட்டேன். எனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த மனிதருக்கு என்ன கொடுப்பது என்று அன்று முழுக்க யோசித்தேன். கூலியைக் கூட்டினால் வாங்கிக்கொள்வார், அது வேறு கணக்கு.

மறுநாள் சுபஹு தொழுததும் ஃபஹ்மியாவை எழுப்பினேன். இரண்டு பேருமாகப் பட்டத் துணியைச் சுருட்டி ஒதுக்கினோம். ஹிஸ்புல்லா வருமுன் நான் இறங்கினேன், முழு அரை மணித்தியாலமும் நடந்தேன். தடாகத்திலிருந்து வீட்டுக் கதவு வரைக்கும் என் ஈரக் கால்தடத்தை நன்றாக ஊன்றிவிட்டு உள்ளே போய், யன்னலில் நின்றேன்.

அவர் வந்தார். தடத்தைப் பார்த்து அப்படியே நின்றார். குழாயை எடுத்துத் துளி விட்டார், இளமஞ்சளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"டீச்சர்?"

"உள்ளதான் தம்பி இருக்கிறன். நல்லாத்தான் இருக்கிறன்" என்றேன் யன்னலிலிருந்து.

கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து தும்புத்தடியை எடுத்து வேலையைத் தொடங்கினார். அன்று அவர் வீட்டுக்குப் போனபோது சாரம் நனையாமலே இருந்தது.