பாக்கியம் ரீச்சரின் அடுப்புக் கண்ணாடி

பாக்கியம் ரீச்சருக்கு மறதி நோய் இருக்கவில்லை. செத்தவீட்டில் பலரும் இருந்ததாகத்தான் கதைத்தார்கள். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக மகன் சுதன் எழுதிய வாழ்க்கைக் குறிப்பிலும் "இறுதிக் காலத்தில் நினைவு தடுமாறி" என்று ஒரு வரி இருக்கிறது. அது பிழை. மலருக்கு என்னையும் எழுதித் தரும்படி கேட்டதால், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இறந்த செய்தியைச் சுதன்தான் தொலைபேசியில் சொன்னார். "அம்மா ஒண்டும் விளங்காமலே போட்டா, அன்ரி" என்றார். விளங்காமல் போனது யாருக்கு என்று அப்போது நான் கேட்கவில்லை.

ரீச்சர் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர்நாட்டில், வெஸ்ட்லி என்ற இடத்தில், எங்கள் இரு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். என் கணவர் காலமான பின் நான் பேசியது பெரும்பாலும் அவருடன்தான். புதன்தோறும், வீட்டைச் சூடாக்கும் விறகடுப்பின் கண்ணாடிக் கதவைத் துடைப்பார். பழைய பத்திரிகைத் தாளை நனைத்து, அடுப்பில் கிடக்கும் மெல்லிய சாம்பலில் தோய்த்துத் தேய்த்தால் கரி கழன்றுவிடும். இந்த நாட்டில் பலருக்கும் தெரிந்த வழி அது.

"உங்கட வேதத்திலை வருசத்துக்கு ஒரு சாம்பல் புதன். எனக்கு எல்லாப் புதனும் சாம்பல் புதன்தான்" என்று கத்தோலிக்கரான என்னைச் சீண்டுவார்.

"நெத்தியிலும் ஒட்டியிருக்கு, ரீச்சர்."

"அது காலமை பூசின திருநீறு. மூக்குக் கண்ணாடியைப் போட்டிட்டுப் பாருங்கோ."

போன மாரிக்கு முந்திய மாரிக் குளிரில், சுதன் தன் வளவில் தறித்த பேர்ச் மரத்தைத் தானே கொத்தி, கிழமைக்குக் கிழமை காரில் கொண்டுவந்து அடுக்கினார். அந்தக் கோடையில்தான் தறித்தது, உள்ளெல்லாம் ஈரம். அடுப்பில் வைத்தால் சீறும், வெட்டுமுகத்தில் நீர் கொப்பளிக்கும். துடைத்த கண்ணாடி மறுநாளே கறுத்துவிடும். ரீச்சர் தினமும் துடைத்தார்.

"பச்சை விறகெண்டு பிள்ளையிட்டைச் சொல்லுங்கோவன்" என்றேன்.

"சொன்னா கொண்டுவாறதை விட்டிடுவான். பிறகு என்னத்துக்கு இஞ்சை வருவான்?"

பிள்ளை கண்டது வேறு. அம்மா பேப்பரை நனைத்துச் சாம்பலுக்குள் போடுகிறா, நேற்றுத் துடைத்ததை மறந்து இன்றும் துடைக்கிறா, ஆனாலும் கண்ணாடி கரியாகவே கிடக்கிறது என்று உறவினர் எல்லோருக்கும் சொன்னார். ட்வெய்ட்டா என்ற இடத்து அடுக்குமாடி வீட்டில், மின்சாரக் கணப்பில் வளர்ந்தவர், சாம்பல் அறியாதவர். தை பிறக்குமுன் தாயைத் தன் வீட்டுக் கீழறைக்குக் கூட்டிச் சென்றார். ரீச்சர் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். விறகு ஈரம், அதனால்தான் கரி என்றேன்.

"அன்ரி, உங்களுக்கும் வயசு போட்டுது" என்றார்.

நான் கடைசியாக அந்த அறைக்குப் போனபோது, ரீச்சர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "கோட்டுத் தெறியை மாறிப் பூட்டியிருக்கிறியள். கொன்வென்றிலை இதைத்தானோ படிப்பிச்சவை?" மறதிக்காரியின் கேள்வியா அது? பிறகு, "அவனுக்கு இப்ப கீழை இறங்கி வரவும் நேரமில்லை" என்று சொல்லிவிட்டு, வேறு கதைக்குப் போய்விட்டார்.

அவருடையதாக என்னிடம் இருப்பது மிஞ்சிய அந்த விறகுதான். வீட்டை ஒழித்தபோது என் கொட்டிலில் அடுக்கச் சொன்னேன். இரண்டு கோடை கண்டு காய்ந்துவிட்டது. போன கிழமை என் அடுப்பில் எரித்தேன். கண்ணாடி கறுக்கவில்லை.

தம்பி சுதன், அந்த வரியை எடுப்பீர்களா, மாட்டீர்களா? தொலைபேசி வேண்டாம். மலர் அச்சுக்குப் போகுமுன் எழுத்தில் பதில் தரவும்.